அப்பாவிடம் கேட்ட இரண்டு வருஷம்

மருத்துவ பீடத்தில் இரண்டாம் பரீட்சை முடிந்த கையோடு, நன்றாகச் செய்தவர்கள் என்று எங்களில் சிலரை உயிர் இரசாயன விரிவுரையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டார். என்னிடம் அவர் சொன்னது சுருக்கமான விஷயம். மருத்துவப் படிப்பை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு இரண்டு வருஷம் அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்யலாம். அதற்குத் தனியாக ஓர் ஆய்வுப் பட்டம் கிடைக்கும். பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மருத்துவத்தைத் தொடரலாம். முடிவில் கையில் இரண்டு பட்டங்கள் இருக்கும். விடுமுறை முடிவதற்குள் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

"நீர் போடும். உமக்கு இது சரிவரும்," என்றார்.

எனக்குச் சரிவரும் என்பது எனக்கும் தெரியும். அடக்கமாகச் சொல்லிப் பயனில்லை. எனக்கு நோயாளிகளைவிட நோயைப் பிடிக்கும். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் எப்போது ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போவோம், எப்போது கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைப் போடுவோம் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாட்டை நினைத்து உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். முனகுகிற மனிதர்களுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டலாம், கேள்வி அழாது. அந்த விரிவுரையாளர் சிறுநீரக நோயில் வேலை செய்கிறவர். அவருடைய ஆய்வுகூடத்துக்குள் போனால் எனக்கு வெளியே வர மனம் வராது. என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுக் கேட்டவை மிகக் குறைவு. இதை ஆசைப்பட்டேன்.

இதில் இழப்பும் உண்டு. எங்கள் மருத்துவ பீடங்களில் எல்லாம் பட்ச் கணக்குத்தான். ஒன்றாக உள்ளே வந்தவர்கள் ஒன்றாகவே வெளியே போவார்கள். பிறகு எந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை என்பதும் பட்ச்சில் எத்தனையாவது இடம் என்பதை வைத்துத்தான். இரண்டு வருஷம் ஒதுங்கி நின்றால் என் கூட்டாளிகள் டொக்டர்களாகி எங்காவது போய்விடுவார்கள், நான் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். இது எனக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. பெரிய காரியம் ஒன்றுதான் இருந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்க்கொண்டிருந்தன.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து உள்ளே கொண்டுவருகிற டக் படகில் எஞ்சின் பார்த்தவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருக்கு என் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அதை ஒரு வருத்தமாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் சூட்டில் வேர்த்துக் கொட்டிவிட்டு, வெளியே வந்து சோடாவை மடக்கு மடக்கென்று குடிப்பார். கால் வீங்கத் தொடங்கியபோதுதான் கிளினிக்குக்குப் போனார். வேலையிலிருந்து முன்னதாகவே விலகி, பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டும் என்று கட்டளை. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. பார்க்க வருகிறவர்களோ விடாமல் இளநீரைத்தான் கொண்டுவருவார்கள். அவர் அதை ஆசையோடு பார்ப்பார், அம்மா எடுத்துக்கொண்டு போய்க் குசினிக்குள் வைத்துவிடுவார்.

அவருக்கு மிச்சமிருந்த பெருமை நான் ஒருத்திதான். நான் மருத்துவத்துக்கு எடுபட்ட நாளிலிருந்தே ஊருக்குள் நான் டொக்டர்தான். சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு என் பரீட்சை எப்போது என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த விடுமுறையில் மலைநாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா முன்பள்ளி ஆசிரியை. உலகத்தில் உள்ள எல்லோரோடும் நான்கு வயதுப் பிள்ளையோடு கதைப்பதுபோலத்தான் கதைப்பார். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பட்டமெண்டா? டபுள் டொக்டரோ?"

"இல்லையம்மா. ஒண்டு டொக்டர். மற்றது ஆராய்ச்சி."

"நல்ல விஷயந்தானே. எப்ப முடியும்?"

சொன்னேன். துருவுவதை நிறுத்தினார். வழக்கமான முடிவு வருஷத்தையும் புதிய முடிவு வருஷத்தையும் மனதுக்குள் வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு தேங்காய்ப்பூவைக் கையால் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"அப்பாட்ட இப்ப சொல்லாத பிள்ளை. நேரம் பாத்துச் சொல்லுவம்."

நேரம் பார்க்க விட்டால்தானே. ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற மாமி, அப்பாவின் அக்கா, மறுநாளே வந்துவிட்டார். அம்மா அவருக்கு மட்டும் குசினிக்குள் வைத்து மெதுவாகச் சொன்னார். மாமிக்கு மெதுவாகச் சொன்னது எதுவும் மெதுவாக இருப்பதில்லை. விறாந்தைக்கு வந்து அப்பாவுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டார்.

"எடியே, உனக்கென்ன விசரோ? உன்னோட படிச்சதுகள் எல்லாம் டொக்டரா வரேக்க நீ இன்னும் கொப்பியோட திரிஞ்சா, சனம் என்ன சொல்லும்? பெயில் எண்டுதான் கதைக்கும். நீ போய் ஒவ்வொரு வீட்டிலயும் ஏறி, பெயில் இல்லை, ரெண்டாவது பட்டம் எண்டு விளங்கப்படுத்துவியோ?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மாமி சொன்னது உண்மைதான். எங்கள் ஊரில் பிந்தினால் பெயில். வேறு விளக்கம் ஒன்றும் செல்லாது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் பங்குத் தேத்தண்ணியைக் கேட்டு வாங்கி, அந்தச் சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாகக் குடித்தார். மாமி போன பிறகு ஒரேயொரு வசனம் சொன்னார்.

"நாளைக்குக் கிளினிக். நீயும் வா."

அவர் கூப்பிட்டது துணைக்கு என்றுதான் நான் நினைத்தேன். போன பிறகுதான் தெரிந்தது, என்னைக் காட்டுவதற்காகவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அயன் செய்த சேர்ட்டைப் போட்டு, காலை வெயிலில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் என்னை நடத்திக்கொண்டு போனார். "என்ர மகள். டொக்டருக்குப் படிக்கிறா." கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் உடனே தன் காலை நீட்டி, வீக்கத்தை அமத்திப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அமத்திப் பார்த்தேன். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் எங்கள் சனங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் டொக்டரைப் பார்க்க உள்ளே போவார், மற்றவர் அதே நேரத்தில் மருந்து எடுக்கிற வரிசையில் போய் இடம் பிடிப்பார். இல்லாவிட்டால் மத்தியான பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அம்மாவும் அப்பாவும் எப்போதும் அப்படித்தான் செய்தார்கள். அம்மா மருந்து வரிசை, அப்பா டொக்டர் வரிசை. ஆகவே டொக்டருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை அப்பாவைத் தவிர எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று நான் பார்த்தேன்.

டொக்டர் இளம் ஆள், தெற்குப் பக்கத்துச் சிங்களவர். தமிழை இங்கே வந்துதான் பழகியிருக்கிறார். பழகியதை வெட்கப்படாமல் பேசினார். அது எனக்குப் பிடித்தது. முன்னால் இருந்த ஆளின் கிளினிக் கொப்பியை மூடிக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்து, ஒரே மூச்சில் கேட்டார்.

"எப்பிடி அப்பா, கை ஒப்பரேஷன் செய்வமா?"

"ஏலாது ஐயா," என்றார் அப்பா.

"சரி, சரி. பயம் வேண்டாம். பிறகு பாப்பம்."

"ஓம் ஐயா."

டொக்டர் எழுதத் தொடங்கினார். அப்பா எழும்பப் பார்த்தார். அடுத்த ஆள் கதிரையில் பாதி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மண்டைக்குள் ஏதோ இடித்தது.

அந்த ஒப்பரேஷன் என்னவென்று புத்தகத்தில் படித்திருந்தேன். இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினோடு ஆளை இணைப்பதற்குப் பெரிய ஊசி போக வேண்டும். சாதாரண இரத்தக் குழாய் அதைத் தாங்காது. ஆகவே கையில் இரத்தம் கொண்டுவருகிற நாடியையும் திருப்பிக் கொண்டுபோகிற நாளத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அது பருத்து உறுதியாக மாதக்கணக்கு எடுக்கும். மெஷின் தேவைப்படுவதற்கு எவ்வளவோ முன்னதாகவே செய்துவைத்துவிட வேண்டும் என்பதுதான் அதில் முழு விஷயமும்.

கண்டியில் பீட விடுதியில் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே அறையில் கிடந்து எனக்குச் சிங்களம் ஓடும். ஏன் இன்னும் செய்யவில்லை என்று சிங்களத்தில் கேட்டேன். டொக்டர் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் சொன்னார். ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் அப்பா 'பே' என்கிறார், விருப்பமில்லாத ஆளை வெட்ட முடியாதே.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் 'ஏலாது' அவருடைய காதில் 'பே' ஆகியிருக்கிறது. சிங்களத்தில் 'பே' என்றால் முடியாது. மாட்டேன் என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். எங்களிடம் ஏலாது என்றாலும் முடியாதுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவருக்கு ஏலாது என்றால் அவருக்குச் சுகமில்லை, உடம்பு படுத்துகிறது என்று அர்த்தம். டொக்டர் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். அப்பா முதல் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். டொக்டர் அதை இரண்டாவது கேள்விக்குப் பதிலாக எடுத்திருக்கிறார்.

"அப்பா, ஒப்பரேஷன் வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

"நான் எங்க வேண்டாமெண்டனான்? எப்பிடியெண்டு கேட்டவர். ஏலாதெண்டு சொன்னனான். உண்மைதானே, ஏலாமத்தானே கிடக்கு. செய்வம் எண்டவர். கூப்பிடுவினம் எண்டுதான் இருக்கிறன்."

"எப்ப இருந்து?"

"மாரிக்கு முதலே சொல்லிப்போட்டார்."

இப்போது மாரி முடிந்து, பொங்கலும் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் டொக்டருக்குச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கதிரையை இழுத்துக்கொண்டு அப்பாவுக்குக் கிட்ட வந்து, இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் அப்பா, மன்னிக்கணும்," என்றார். அப்பாவுக்கு எதற்கு மன்னிப்பு என்று விளங்கவில்லை. "அதுக்கென்ன ஐயா," என்று அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த டொக்டர் கொடுமைக்காரனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஓர் ஆளாவது கிடைத்திருப்பான்.

அன்றே ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துத் தந்தார்கள். ஆனால் புதிய இரத்தப் பரிசோதனையைப் பார்த்தால், கையில் அந்த நாளம் பருக்கும்வரை உடம்பு காத்திருக்காது என்று தெரிந்தது. இடையில் கழுத்தில் குழாய் போட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். கழுத்துக் குழாய் கிருமிக்குத் திறந்துவிட்ட கதவு. அதையும் படித்திருந்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

ஓட்டோவில் ஏறிய பிறகுதான் அம்மாவுக்குச் சொன்னோம். அம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்து, வகுப்பில் பிள்ளையைக் கண்டிப்பதுபோலக் கண்டித்தார்.

"கேட்ட கேள்விக்கு வடிவா விடை சொல்லத் தெரியாதோ உங்களுக்கு? அந்தப் பிள்ளை ஒண்டு கேக்க, நீங்கள் ஒண்டு சொல்லியிருக்கிறியள்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் பெடியன் நல்ல பெடியன்," என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் விரிவுரையாளருக்கு அழைப்பெடுத்தேன். விண்ணப்பம் போடுவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை, வீட்டு நிலைமை இப்படி என்று சொல்லத்தான் எடுத்தேன். சொல்லச் சொல்லக் கிளினிக்கில் நடந்தது முழுவதும் வாயில் வந்துவிட்டது.

"இதை எழுதும்," என்றார்.

"எதை மிஸ்?"

"விண்ணப்பத்தோட ஒரு பக்கம் எழுதித் தரோணுமெல்லோ, ஏன் ஆராய்ச்சிக்கு வாறீர் எண்டு. அதில இதை எழுதும். எல்லாரும் விஞ்ஞானத்தில ஆர்வம், மனிதகுலத்துக்குச் சேவை எண்டு எழுதுவினம். இப்பிடி ஒண்டை ஒருத்தரும் எழுதமாட்டினம். ஒரு சொல்லால ஒரு நோயாளி எவ்வளவு காலத்தை இழக்கிறார் எண்டதே ஒரு ஆய்வுதான். எழுதும். கட்டாயம் எடுப்பினம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அப்பா அவருக்கு ஒரு நல்ல ஆரம்பப் பந்தியாகிவிட்டார். ஆனால் போனை வைக்கும் முன்னரே முதலாவது வசனம் என் தலைக்குள் ஆங்கிலத்தில் முழுதாக வந்து நின்றது. அதற்காக என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பு எழுதுவதைத் தடுக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அப்பா படுத்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். ஒரு சொல்லுக்குக்கூட நான் தடுமாறவில்லை. அதுவரை நான் எழுதியவற்றில் அதுதான் நன்றாக வந்தது என்று இப்போதும் சொல்வேன். 'ஏலாது' என்பதை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் சொல்ல வரவில்லை, அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டு விளக்கம் எழுதினேன். அப்பாவை 'ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர்' என்று எழுதியிருந்தேன். அவர் என்னுடைய அப்பா என்பது கடைசிப் பந்தியில்தான் வரும். அப்படி வைத்தால்தான் படிக்கிறவர்கள் அதிர்வார்கள் என்று கணக்குப் போட்டு வைத்தேன்.

எழுதி முடிக்கும்போது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன எழுதுற?"

"அந்த ரெண்டாவது பட்டத்துக்கு."

"வாசி."

"இங்கிலீஷில கிடக்கு."

"தமிழில சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கிச் சொன்னேன். கிளினிக், கேள்வி, பதில், போன மாதங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். மாதங்கள் போனால் என்ன நடக்கும் என்று எழுதியிருந்த பந்தியில் மட்டும் சொற்களைக் கொஞ்சம் மெலிதாக்கினேன். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டு கேட்டார்.

"தொழிலாளி எண்டு போடாத," என்றார். "எஞ்சின் டிரைவர் எண்டு போடு."

"சரி."

"மற்றதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய்."

வெளியே மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"உதைப் போட்டா எடுப்பினமோ?"

"எடுப்பினம் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப நீ டொக்டரா வர எவ்வளவு காலம்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு முன்னமே தெரியும், மாமி சொன்ன அன்றைக்கே தெரியும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் 'போ' என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த அப்பாமார் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், என்னைப் பற்றி யோசியாத, உன்ர வாழ்க்கையைப் பார் என்று. நான் அழுதுகொண்டே போகத் தயாராகத்தான் இருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அவ்வளவு காலம் என்னட்ட இல்லை பிள்ளை," என்றார். "போகாத. நீ டொக்டரா வந்து நிக்கிறதை நான் பாக்கோணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். உனக்கு இது விருப்பமெண்டு தெரியும். முகத்தைப் பாக்கவே தெரியுது. இருந்தாலும் போகாத."

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். அவர் பெருந்தன்மையாக இருந்திருந்தால் நான் குற்ற உணர்வோடு என் விருப்பத்தைச் செய்திருப்பேன். இப்படிக் கையை நீட்டிக் கேட்டுவிட்டால் நான் என்ன செய்ய. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அந்த இரத்தப் பரிசோதனைகளையும், கிளினிக் கொப்பியில் அவருடைய இருதயத்தைப் பற்றி எழுதியிருந்ததையும், இப்போது வரப்போகிற கழுத்துக் குழாயையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது பட்டம் இல்லாமல் நேரே படித்து முடித்தாலும் அவர் அதுவரை இருக்கப்போவதில்லை. பாதிப் படிப்பு படித்தவள்தான் நான், ஆனாலும் அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது. நான் நின்றாலும் அவர் கேட்டது அவருக்குக் கிடைக்காது. அதை எந்த வாயால் சொல்வது? 'அப்பா, நான் போகாவிட்டாலும் நீங்கள் பார்க்கமாட்டீர்கள்' என்று ஒரு மகள் சொல்லலாமா? சொல்லவில்லை. "யோசிக்கிறன்," என்றேன்.

அம்மாவிடம் கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லமாட்டன். உன்ர விஷயம், நீதான் முடிவெடுக்கோணும்," என்றார். ஊரெல்லாம் புத்தி சொல்கிற மனுஷி, எனக்குத் தேவைப்பட்ட ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் இருக்க முடியாமல் ஓர்ஸ் ஹில்லுக்கு மாமி வீட்டுக்குப் போனேன். மாமி வீட்டுப் பின்பக்கத்தில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. டக் படகு ஒன்று அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு புகை விட்டது. அப்பா வேலை செய்தது அதுதானா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் நான் கேட்டதில்லை. மாமி பின்னால் வந்து நின்று, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு விளங்குது, அவன் பாக்க இருக்கமாட்டான். உனக்கும் விளங்குது. அவனுக்கு மட்டும்தான் விளங்கேல்லை. நீ விண்ணப்பம் போட்டா விளங்கிடும்."

மாமியை நான் அதுவரை வாய்க்காரி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். நான் விண்ணப்பித்தால் நான் போவது மட்டும் நடக்காது. நான் கணக்குப் பார்த்துவிட்டேன், அந்தக் கணக்கில் அவர் இல்லை என்று அவருக்கு அறிவித்ததாகவும் ஆகிவிடும். விண்ணப்பிக்காமல் விட்டால், இன்னும் சில வருஷம் இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கலாம். அந்த நம்பிக்கைக்காகத்தான் நான் விட்டேன். அவர் பார்க்கப்போகிறார் என்று நினைத்து விடவில்லை.

விரிவுரையாளருக்குச் சொன்னேன். "உம்மட விருப்பம்," என்றார். குரல் குளிர்ந்திருந்தது. அந்த இடம் எங்கள் பட்ச்சில் இன்னொரு பிள்ளைக்குப் போனது. கெட்டிக்காரிதான். ஆனால் என்னைவிட இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அப்பாவிடம் சொன்ன அன்று அவர் எழும்பி நின்று என் தலையில் கையை வைத்தார். பிறகு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, அம்மா கத்தக் கத்தச் சந்திக்கு நடந்து போனார். தேத்தண்ணிக் கடையில் என்ன சொன்னார் என்று தெரியாது. திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

கையில் ஒப்பரேஷன் செய்தார்கள். நாளம் பருக்கவில்லை. சீனி அரித்த நாடியில் அப்படித்தான் நடக்கும் என்றார்கள். மறுகையில் செய்யலாம் என்று இருந்தார்கள். அதற்கிடையில் கழுத்துக் குழாய், மெஷின், வீடு, மறுபடியும் மெஷின் என்று போனது. நான் வாட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அங்கே கட்டிலோரம் நின்று நோயாளியிடம் கதை கேட்டு எழுதப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில் அம்மா அழைப்பெடுத்தார். குளிர் காய்ச்சல், நடுங்குகிறது, வாட்டில் போட்டுவிட்டோம் என்றார். குளிர் காய்ச்சல் என்றவுடனேயே, குழாயால் கிருமி ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் முழு வழியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் மலையை விட்டு இறங்குவதற்குள் அப்பாவுக்கு முடிந்துவிட்டது. எங்கள் பட்ச் டொக்டராக வர இன்னும் எவ்வளவோ இருந்தது. அந்த இன்னொரு பிள்ளை தன் இரண்டு வருஷத்தில் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குள் போகும்போது முற்றத்தில் கூடாரம் போட்டுக் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். யாரோ ஒருவர், "விடுங்கோ, விடுங்கோ, டொக்டர் மகள் வந்திட்டா," என்று சொல்லி வழி எடுத்துத் தந்தார். சனம் இரண்டு பக்கமும் விலகியது. சிலர் எழும்பி நின்றார்கள். அப்பா சொல்லி வைத்திருந்ததை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அவரை நடு அறையில் வைத்திருந்தார்கள். அயன் செய்த சேர்ட் போட்டிருந்தது. கழுத்தில் குழாய் இருந்த இடத்தைச் சேர்ட்டுக் கொலருக்குள் மறைத்திருந்தார்கள். நான் கிட்டப்போய் நின்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். மனதில் முதலில் வந்த நினைப்பு, போட்டிருக்கலாம் என்பதுதான். விண்ணப்பத்தைப் போட்டிருக்கலாம். அப்பா என்பதற்கு முன்னால் அது வந்தது. தெளிவாக வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகை நிற்கவே இல்லை. அதில் அப்பாவுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அப்பாவுக்குத்தான் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.